கொட்டகையைத் தூக்கும் காற்று

கேள்வி: பேராவூரணி பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. அப்பா காலத்தில் சவுக்குக் கம்பும் பனங்கையும் வைத்துக் கட்டிய கீற்றுக் கொட்டகை இருந்தது. வருஷா வருஷம் கீற்று மாற்றி மாளவில்லை என்று அதைப் பிரித்துவிட்டு, இரும்பு பைப் நட்டு ஷீட் போட்டோம். 2018 கஜா புயலில் அந்தக் கொட்டகை கால்களோடு கிளம்பிப் போய்ப் பக்கத்துக் கொல்லையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் பிறகு தார்ப்பாயில்தான் காலத்தை ஓட்டுகிறோம்.

இப்போது 40 அடிக்கு 20 அடியில் புதிதாகக் கட்டலாம் என்றிருக்கிறேன். டிராக்டர், டிரெய்லர் நிற்க வேண்டும். கொப்பரை மூட்டை வைக்க இடம் வேண்டும். மாடு நான்கு இருக்கிறது. வெல்டர், “10 அடிக்கு ஒரு கால், ஒன்றரை அடிக் குழி போதும், பைப்பைக் கொஞ்சம் கனமாகப் போட்டுக்கொள்ளலாம்” என்கிறார். என் மச்சான், அமெரிக்காவில் மரக் கம்பத்தை அப்படியே மண்ணில் நட்டுப் பெரிய பெரிய கொட்டகை கட்டுவதை யூடியூபில் காட்டி, “விழுந்த தென்னை மரம் கிடக்கிறதே, அதையே அறுத்து நட்டால் என்ன?” என்கிறார். அம்மாவோ, “ஷீட்டே வேண்டாம், கீற்றையே போடு” என்கிறார். மூன்று பக்கம் தகரம் அடைத்து ஒரு பக்கம் மட்டும் திறந்து விடலாம் என்பது என் எண்ணம். யார் சொல்வதைக் கேட்பது?

— ஒரு வாசகர், பேராவூரணி

பதில்: அம்மா சொல்வதில் பாதியைக் கேளுங்கள். மச்சான் சொல்வதிலும் பாதி சரி. வெல்டர் சொல்லும் குழியை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பழைய கொட்டகை “கால்களோடு” கிளம்பிப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஷீட் தாங்கியது, வெல்டிங் தாங்கியது, பைப்பும் தாங்கியது. மண்ணுக்குள் இருந்த பிடிதான் விட்டுப்போனது. ஆகவே இந்த முறை பைப்பைக் கனமாக்குவதில் பணத்தைப் போட்டால், ஏற்கெனவே தாங்கிய ஒன்றுக்கே மறுபடியும் செலவு செய்ததாகும்.

அப்பா கட்டிய கொட்டகை எத்தனையோ புயலைப் பார்த்திருக்குமே, அது எப்படி நின்றது என்று நீங்கள் கேட்கலாம். கீற்றுக் கூரையில் காற்று ஊடுருவும். மிஞ்சினால் கீற்று பிய்ந்து பறக்கும். பிய்ந்த இடத்தில் காற்றுக்கு வழி கிடைத்துவிடும், கால் தப்பித்துவிடும். மறுநாள் நாலு ஆள் வைத்துக் கீற்று வேய்ந்தால் முடிந்தது. ஷீட் அப்படி இல்லை. அது காற்றை விடாது, லேசில் பிய்யவும் செய்யாது. மேலே விழுகிற விசையை முழுசாக வாங்கிக் காலிடம் கொடுத்துவிடும். கூரையை மாற்றியபோது அடித்தளத்தையும் மாற்றியிருக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் கூரை மட்டும்தான் மாறியிருக்கிறது. குழி இன்னும் கீற்றுக் கொட்டகைக் குழிதான்.

விசை என்றால் எவ்வளவு? கட்டடங்களுக்கான காற்று விசையைக் கணக்கிட ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பாகம் இருக்கிறது. அதில் ஊர்வாரியாக அடிப்படைக் காற்று வேகம் கொடுத்திருக்கிறார்கள். மதுரைக்கும் கோவைக்கும் விநாடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47, சென்னைக்கு 50. நீங்கள் கஜாவைப் பார்த்த ஊர்க்காரர். கடலும் பக்கம்தான். 50 என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு 180 கிலோமீட்டர். வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, வந்ததை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும். 50-க்கு 1,500 நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. கோவைக்காரருக்கு இதே கணக்கில் 93 கிலோதான். அவர் ஊரில் நிற்கிற கொட்டகையைப் பார்த்து அப்படியே நீங்கள் கட்டக் கூடாது.

இந்த அழுத்தம் பக்கவாட்டில் தள்ளும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பக்கவாட்டிலும் தள்ளும்தான். ஆனால் திறந்த கொட்டகைக்குப் பெரிய ஆபத்து மேலே தூக்குவது. கூரைக்கு மேலே ஓடும் காற்று உறிஞ்சும். உள்ளே புகுந்த காற்று கீழிருந்து முட்டும். இரண்டும் சேரும்போது அந்த 150 கிலோவும் மேல்நோக்கித் திரும்பிவிடலாம். உங்கள் 40-க்கு 20 கொட்டகையின் தளப்பரப்பு 800 சதுர அடி, சுமார் 74 சதுர மீட்டர். 11 டன் தூக்குவிசை. இறவாரத்தைச் சேர்த்தால் இன்னும் கூடும். ஷீட், அதைத் தாங்கும் பர்லின் சட்டங்கள், அவற்றைத் தாங்கும் டிரஸ் எல்லாம் சேர்ந்த கூரையின் எடை ஒரு டன்னைச் சுற்றித்தான் இருக்கும். மீதி 10 டன்னைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டியது குழிகளின் வேலை.

இப்போது வெல்டர் சொல்லும் குழிக்கு வாருங்கள். ஓர் அடிச் சதுரம், ஒன்றரை அடி ஆழம் கான்கிரீட் என்றால் அதன் எடை சுமார் 100 கிலோ. பத்துக் காலுக்கு ஒரு டன். வந்த புயலுக்கு அது எந்த மூலைக்கு?

என் யோசனை இது. 10 அடிக்கு ஒரு கால் வேண்டாம், 8 அடிக்கு ஒன்று வையுங்கள். 40 அடியில் ஐந்து கண்ணம் (காலுக்கும் காலுக்கும் இடைப்பட்ட பகுதி), பக்கத்துக்கு ஆறு கால், மொத்தம் 12. குழி 3 அடிக்கு 3 அடி, ஆழம் 4 அடி. அடியில் ஓர் அடி கனத்துக்குக் கான்கிரீட் பலகை. அதன்மேல் ஓர் அடிச் சதுரத்தில் கான்கிரீட் தூண் எழுந்து, தரைக்கு மேலே ஒன்றரை அடி வரை வர வேண்டும். பைப் அந்தத் தூணுக்குள்ளாகவே போய் அடிப் பலகை வரை இறங்கட்டும். பைப்பின் அடிமுனையில் இரண்டு கம்பித் துண்டுகளைக் குறுக்காக வெல்டு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் கான்கிரீட் இருக்க, பைப் மட்டும் உருவிக்கொண்டு வரும். சுற்றிலும் மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டுத் தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். மொத்த மண்ணையும் ஒரே தடவையில் தள்ளி மேலே மிதித்துவிட்டுப் போகும் பழக்கம் இங்கே உதவாது, ஏனென்றால் அந்த மண்தான் உங்கள் எடைக்கல். காய்ந்த நிலத்தில் இப்படி ஒரு குழி கான்கிரீட்டும் மண்ணுமாகச் சுமார் 1,900 கிலோ பிடிக்கும்.

ஆனால் புயல் காய்ந்த நிலத்தில் வருவதில்லை. கஜா வந்தது நவம்பர் 16. ஐப்பசி மழையில் ஊறி, தோண்டினால் அரை அடியில் தண்ணீர் நிற்கிற நேரம். தண்ணீருக்குள் மூழ்கிய மண்ணும் கான்கிரீட்டும் எடை குறைந்துவிடும். அதே குழி அப்போது பிடிப்பது சுமார் 1,080 கிலோதான். ஒரு காலுக்கு வரும் தூக்குவிசையில் அந்தக் காலும் அதன் பங்குக் கூரையும் தங்கள் எடையால் ஈடுகட்டுவது போக, மிச்சம் ஏறக்குறைய 1,000 கிலோ. அதனால்தான் 3 அடி, 4 அடி என்று அடம்பிடிக்கிறேன். இரண்டரை அடிச் சதுரமாகக் குறைத்தால் ஈர மண்ணில் 750 கிலோவுக்கு இறங்கிவிடும்.

அடிப் பலகைக்குக் கம்பி கட்டும்போது மேஸ்திரி அடியில் மட்டும் ஒரு வலை போட்டு முடிக்கப் பார்ப்பார். வீட்டு அஸ்திவாரத்துக்கு அது சரி, அங்கே பாரம் கீழே அழுத்துகிறது. இங்கே தூண் மேலே இழுபடும், மண் பலகையைக் கீழே அமுக்கும். அப்போது வேலை செய்வது மேல் வலை. கீழே ஒன்று, மேலே ஒன்று, 10 மி.மீ. கம்பியில் அரை அடி இடைவெளியில் கட்டச் சொல்லுங்கள். 12 குழிக்கும் சேர்த்துச் சிமெண்ட் 35-லிருந்து 40 மூட்டை ஆகும். வெல்டர் சொல்லும் செலவை விடக் கூடத்தான். ஆனால் கூடுவது மண்ணுக்குள்.

மச்சானுக்கு வருகிறேன். அவர் பார்த்தது ‘போல் பார்ன்’. அமெரிக்காவில் 1930-களின் பொருளாதார நெருக்கடியில், கையில் காசில்லாத காலத்தில் பரவத் தொடங்கிய முறை. அஸ்திவாரம் கட்டாமல் கம்பத்தை ஆழமாக நட்டு, அந்தக் கம்பமே தூணும் அஸ்திவாரமுமாக நிற்கும். நம் பந்தல்காலின் அதே புத்திதான். கால் மண்ணுக்குள் இறங்கினால் கொட்டகை பக்கவாட்டில் ஆடாது. அது நல்ல குணம். பேஸ் பிளேட் வைத்து போல்ட் போடாமல் பைப்பை நேரே கான்கிரீட்டுக்குள் இறக்கச் சொன்னதும் இதற்காகத்தான். அவர் சொன்னதில் நான் எடுத்துக்கொண்ட பாதி அது.

மரம்தான் ஒத்துவராத பாதி. அங்கே நடுகிற கம்பம், பெரிய உருளைத் தொட்டியில் அடைத்து அழுத்தம் கொடுத்து மருந்தை உள்ளே ஏற்றிய கம்பம். நாம் பிரஷ்ஷில் பூசும் கழிவு ஆயிலும் டீசலும் தோலோடு நின்றுவிடும். அடியைத் தீயில் கருக்கி நடுவதும் அப்படியே. கம்பம் உளுத்துப்போவது அடியிலும் இல்லை, உச்சியிலும் இல்லை. தரைமட்டத்தை ஒட்டிய ஓர் அடியில்தான். அங்கேதான் ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன, கரையானுக்கும் அதுதான் வாசல். சவுக்கு மண்ணில் சில வருஷம்கூட நிற்காது. அப்பா அவ்வப்போது கால் மாற்றியது உங்களுக்கு நினைவிருக்கலாம். தென்னையில் வெளிவட்டம் மட்டும்தான் கெட்டி, நடு மரம் பஞ்சு. மண்ணில் நட்டால் சீக்கிரம் போய்விடும். நல்ல முதிர்ந்த மரத்தின் வெளிவட்டத்தை அறுத்துச் சட்டமாக்கினால், மழை படாத உள்வேலைக்கு, மாட்டுத் தொட்டிக்கு மேல் பரண் போட, மூட்டை அடுக்க அடித்தட்டு செய்ய அருமையாக இருக்கும். ஆனால் வருஷக்கணக்கில் தரையில் கிடந்த மரம் என்றால் அதற்கும் ஆசைப்பட வேண்டாம், அடுப்புக்குத்தான் ஆகும்.

கால் பைப் 4 அங்குல ஜி.ஐ., மீடியம் கிளாஸ். இதில்தான் கடையில் ஏமாற்று நடக்கும். மீடியத்தின் கனம் 4.5 மி.மீ., மீட்டருக்குச் சுமார் 12 கிலோ. 20 அடி நீளப் பைப் ஒன்று 72, 73 கிலோ இருக்க வேண்டும். லைட் கிளாஸ் என்றால் 60 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், தராசில் தெரிந்துவிடும். வெல்டரிடம் சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசாதீர்கள், எடைக்குப் பேசுங்கள். சதுர அடி ஒப்பந்தத்தில் லாபம் பைப்பின் கனத்தைக் குறைப்பதில்தான் வருகிறது. மண்ணுக்குள் 4 அடி, மேலே 12 அடி என்று 16 அடி போனால், பைப்புக்கு 4 அடித் துண்டு மிஞ்சும். அதைப் பழைய இரும்புக்குப் போடாமல் காலுக்கும் டிரஸ்ஸுக்கும் இடையே சாய்வாகக் கைச்சட்டமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். நீளப் பக்கத்தில் இரண்டு கடைசிக் கண்ணங்களிலும் குறுக்குச் சட்டம் அவசியம். ஜி.ஐ. பைப்பில் வெல்டு வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும். அன்றைக்கே தேய்த்து சிங்க் பெயின்ட் அடிக்காவிட்டால் உப்புக்காற்றுக்கு அங்கேதான் துரு பிடிக்கும். டிரஸ் சட்டங்களின் அளவை மட்டும் உள்ளூர் இன்ஜினீயர் ஒருவரிடம் காட்டி வரைபடம் வாங்கிவிடுங்கள். அதைக் கடிதத்தில் முடிக்க முடியாது.

மூன்று பக்கம் அடைப்பது வேண்டவே வேண்டாம். திறந்த பக்கத்தில் காற்று புகுந்தால் வெளியேற வழியில்லாமல் கூரையை முட்டும். நீங்கள் கேட்பது காற்றைப் பிடிக்க ஒரு பை. ‘காற்று வராத பக்கமாகத் திறந்து விடலாமே’ என்றால், புயல் கடக்கும்போது காற்றின் திசை மாறும். முன்னிரவில் ஒரு பக்கம் அடித்தது விடியலில் எதிர்ப்பக்கம் அடிக்கும். ஒன்று, நாலு பக்கமும் கதவோடு அடையுங்கள். அல்லது நாலு பக்கமும் திறந்து விடுங்கள். மாடு இருப்பதால் நான் இரண்டாவதைச் சொல்வேன். நீளப் பக்கங்களில் 4 அடிக்குச் செங்கல் குட்டைச் சுவர், அதற்கு மேல் கம்பி வலை. சாரலுக்குப் பாயோ கீற்றுத் தட்டியோ கட்டிக்கொள்ளலாம், புயல் எச்சரிக்கை வந்தால் அவிழ்த்துவிடலாம். அம்மாவின் கீற்றுக்கு இங்கே வேலை இருக்கிறது. ஷீட்டுக்கு அடியில் மாடு நிற்கும் பகுதியில் கீற்றுப் படல் கட்டினால் சித்திரை வெயிலில் பால் குறையாது.

கூரைக்கு 0.5 மி.மீ. கலர் ஷீட், வெளிர்நிறத்தில். கனத்தை மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள், 0.5 என்று எழுதி 0.4 கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. 20 அடி அகலத்துக்கு முகடு 4 அடி உயரட்டும். தட்டையான கூரையில் உறிஞ்சல் அதிகம். இறவாரம் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். பர்லின் நடுவில் 4 அடிக்கு ஒன்று, இறவாரத்திலும் முகட்டிலும் இரண்டரை அடிக்கு ஒன்று. ஸ்க்ரூ நடுப்பகுதியில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு போதும். ஓரங்களில், மூலைகளில், முகட்டில் ஒவ்வொரு மேட்டிலும் அடிக்க வேண்டும். ரப்பர் வாஷர் இல்லாத ஸ்க்ரூவை வாங்காதீர்கள். பர்லினை டிரஸ்ஸில் புள்ளி வெல்டு வைத்து விட்டுவிடுவார்கள். ஆங்கிள் துண்டு வைத்து இரண்டு போல்ட் போடச் சொல்லுங்கள். ஷீட்டிலிருந்து குழி வரை ஒரு கண்ணி தளர்ந்தாலும் மற்றதெல்லாம் வீண்.

இடம்: தோப்பின் நடுவே வேண்டாம். 60 அடி மரம் விழுந்தால் எந்தக் கொட்டகையும் தாங்காது, சும்மா நாளில் தேங்காய் விழுந்தே ஷீட் குழியும். தோப்பின் ஓரத்தில், மேடான இடத்தில், மின்கம்பிக்குக் கீழே இல்லாமல் பாருங்கள். நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும், வெயில் உள்ளே இறங்குவது குறையும். 8 அடி இடைவெளியில் டிரெய்லரை நுழைப்பது சிரமம். ஆகவே மேற்கு முகப்பில் 20 அடி அகலத்தையும் கால் இல்லாமல் திறந்துவிட்டு வண்டியை அந்த வழியாக விடுங்கள். மேற்கே இரண்டு கண்ணம் டிராக்டருக்கு. டிரெய்லரைக் கழற்றிப் பக்கத்தில் நிறுத்தினால் அடங்கும். நடுவில் ஒரு கண்ணம் கொப்பரைக்கு. கிழக்கே இரண்டு கண்ணம் மாட்டுக்கு; காலை வெயில் பட்டுத் தரை காயும். ஒரு மாட்டுக்குக் கூரைக்குக் கீழ் மூன்றரை சதுர மீட்டர், ஏறக்குறைய 38 சதுர அடி வேண்டும். உங்களுக்கு அங்கே 320 சதுர அடி இருக்கிறது, கன்றுக்குட்டிகளுக்கும் சேர்த்துத் தாராளம். மாட்டுப் பக்கத்துக்கும் கொப்பரைக்கும் நடுவே கூரை வரை அடைப்பு வையுங்கள். மூத்திர ஈரம் கொப்பரையில் பூசணம் ஏற்றும். அதே மூத்திரம் இரும்பையும் தின்னும். கான்கிரீட் தூணை ஒன்றரை அடி உயர்த்தச் சொன்னதற்குக் காரணம் அதுதான். வைக்கோல் போரை இந்தக் கூரைக்குள் கொண்டுவராதீர்கள். டீசலும் வைக்கோலும் ஒரே இடத்தில் ஆகாது.

கட்டுவதற்கு முன் ஊராட்சியில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லைக்கல்லையும் ஒரு தடவை அளந்துவிடுங்கள். பம்புசெட்டின் இலவச இணைப்பிலிருந்து கொட்டகைக்கு வயர் இழுக்காதீர்கள். அந்த இணைப்பு பம்புசெட்டுக்கானது, கொட்டகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். குழி வேலையைப் பங்குனி, சித்திரையில் தொடங்குங்கள். தண்ணீர்மட்டம் இறங்கியிருக்கும், தோண்டுவதும் சுலபம். கான்கிரீட் போட்ட மறுநாளே டிரஸ் ஏற்றத் துடிப்பார்கள். காலை மூங்கில் முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, இரண்டு வாரமாவது சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்றிய பிறகு ஏற்றச் சொல்லுங்கள். கஜாவில் கவிழ்ந்த பழைய ஷீட் இன்னும் உங்களிடம் கிடந்தால் புதுக் கூரைக்குப் போடாதீர்கள். பழைய ஓட்டை ஒவ்வொன்றும் கிழிசல் தொடங்கும் இடம். விறகுக் கொட்டிலுக்கு ஆகும்.